சைக்கிள் டைனமோவிலிருந்து குஞ்சுப் பெட்டி வரை



சென்ற மாதம் முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். "வீட்டில் லைற் எரியாமல் போனால் திருத்துவதற்கு வெளியிலிருந்து ஓர் ஆள் வர வேண்டியிருக்கிறது. வருகிறவர் அரை மணித்தியாலம் நின்றால் அயலில் கதை கிளம்புகிறது. கணவர் இல்லாத வீட்டில் மின்குமிழ் பழுதாவதும் பெரிய பிரச்சினைதான். இந்த வேலைகளைப் பெண்கள் படிக்க முடியாதா?" என்று கேட்டிருக்கிறார். தாராளமாகப் படிக்கலாம். ஆனால் எங்கிருந்து தொடங்குவது, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அறிந்து தொடங்க வேண்டும். இம்மாதம் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் பொறியியலாளர் அல்ல. தையல் படிப்பிக்கிறவள். பழுதான பொருளை எறிவதற்கு முன் அதன் திருகாணியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் மட்டும் சின்ன வயதிலிருந்தே உண்டு. இலத்திரனியலும் கணினிக்குச் செய்நிரல் எழுதுவதும் எனக்கு அப்படி வந்தவைதான். பரீட்சைக்காகப் படிக்காததால் பயமில்லாமல் படித்தேன்.

எங்கள் பெண்களில் 40 வயதைத் தாண்டிய பலருக்கு இந்தப் படிப்பின் முதற் பாடம் ஏற்கெனவே தெரியும். 1990ஆம் ஆண்டு யுத்தம் மறுபடி தொடங்கிய பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போனது. ரோச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெய் விற்ற விலையில் ஜாம் போத்தலுக்குள் சொட்டு எண்ணெய் விட்டுத் திரி போட்டுத்தான் பிள்ளைகள் படித்தார்கள். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் வயரை வானொலிப் பெட்டியுடன் இணைத்தோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துவிடும். எத்தனை வீடுகளில் அந்தப் பெடலைச் சுற்றியவர்கள் பெண் பிள்ளைகள்! அதை அன்று யாரும் தொழில்நுட்பம் என்று சொல்லவில்லை.

அந்த டைனமோவுக்குள் ஒரு காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. காந்தம் சுழல, சுருளில் மின்னோட்டம் உண்டாகிறது. சைக்கிள் டைனமோ பொதுவாக 6 வோல்ற்று, 3 வாற்று. அதாவது அரை அம்பியர். ஆனால் இந்த மின்னோட்டம் ஒரே திசையில் ஓடுவதில்லை. காந்தத்தின் முனைகள் மாறி மாறி வருவதால் மின்னோட்டமும் முன்னும் பின்னுமாக ஓடுகிறது. இதுதான் ஆடலோட்டம். வானொலிக்கோ பற்றரியில் வருவதுபோல ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் வானொலி திருத்துகிற ஓர் அண்ணா இருந்தார். டைனமோவுக்கும் வானொலிக்கும் நடுவில் கறுப்பு நிறத்தில் சிறிய பொருள் நான்கை வைத்துப் பொருத்தினார். "அண்ணா, இது என்னது?" என்று கேட்டேன். "இது டயோட், தங்கச்சி. உங்கட சைக்கிள் பிறீவீல் மாதிரி. முன்னுக்கு மிதிச்சா சில்லைப் பிடிச்சுச் சுத்தும். பின்னுக்கு மிதிச்சாச் சும்மா கிறுகிறு எண்டு ஓடும். ஒரு பக்கம்தான் வேலை செய்யும்" என்றார். இருவாயி என்று பாடப் புத்தகத்தில் சொல்வது இதைத்தான். நான்கு இருவாயிகளை ஒழுங்காக இணைத்தால், முன்னுக்கு வரும் ஓட்டம், பின்னுக்கு வரும் ஓட்டம் இரண்டையும் பிடித்து ஒரே வாசலால் வெளியே அனுப்பலாம். பிற்காலத்தில் எத்தனையோ புத்தகங்களில் இதை வாசித்தேன். அந்தப் பிறீவீலைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி உங்கள் வீட்டுக் கூரையில் எரியும் எல்.ஈ.டி. குமிழுக்கு வருவோம். எரியாமற் போன ஒன்றை எடுத்து வையுங்கள். கழற்றி ஒரு நாளாவது ஆகியிருக்கட்டும். வெள்ளைப் பிளாஸ்ரிக் மூடியைச் சுற்றிவர மெதுவாக நெம்பினால் கழன்று வரும். உள்ளே ஒரு வெள்ளைத் தகட்டில் மஞ்சள் நிறச் சதுரங்கள் வட்டமாக ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஓர் ஒளிகாலும் இருவாயி. உண்மையில் அவை நீல ஒளி தருபவை. மேலே இருக்கும் மஞ்சள் பூச்சு அதன் ஒரு பகுதியை மாற்றுவதால்தான் எங்கள் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்பு ஒளி தரும் இருவாயி 1962இலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலம் கிடைக்க 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள்.

தகட்டின் அடியிலோ ஓரத்திலோ பார்த்தால் நான்கு கால்கள் கொண்ட ஒரு சிறிய பெட்டி இருக்கும். அந்த அண்ணா பொருத்திய நான்கு இருவாயிகளும் அதற்குள்தான் இருக்கின்றன. 230 வோல்ற்று ஆடலோட்டத்தை ஒரே திசையில் திருப்புகிற அதே வேலை. பக்கத்தில் உருளை வடிவில் கொள்ளளவி இருக்கும். அது தண்ணீர்த் தாங்கி மாதிரி. வரும்போது சேர்த்து, குறையும்போது கொடுக்கும். குமிழைக் கழற்றிய உடனே தொடக் கூடாது என்பதற்குக் காரணம் இந்தத் தாங்கிதான். அது வடிந்து முடியும் வரை உள்ளே மின் இருக்கும்.

மஞ்சள் சதுரங்களை வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் அவற்றில் ஒன்றின் நடுவில் மட்டும் கறுப்புப் புள்ளி இருக்கும். அதுதான் இறந்துபோனது. இவை எல்லாம் மாலையில் பூக்கோத்தது போல ஒரே நூலில் இருக்கின்றன. ஒரு இடத்தில் நூல் அறுந்தால் மற்ற எல்லாமே அணைந்துவிடும். எனவே, எறிகிற குமிழ்களில் பல, ஒரேயொரு புள்ளி கறுத்ததற்காக எறியப்படுகின்றன. அந்தப் புள்ளியை வயரால் குறுக்கே இணைத்து எரிய வைப்பவர்கள் உண்டு. எரியும். ஆனால் அதன் பங்கு மற்ற உறுப்புகளின் மேல் விழுவதால் அதிக நாள் நிற்காது. முதல் ஆறு மாதத்துக்கு நீங்கள் அதைச் செய்யவே வேண்டாம். திறந்து பாருங்கள், எதற்கு எது என்று விளங்கிக் கொள்ளுங்கள், உறுப்புகளைச் சேர்த்து வையுங்கள். மூடி திறந்த குமிழைத் திரும்ப ஹோல்டரில் மாட்டவே கூடாது. அந்தத் தகட்டுக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் இடையே மறைப்பு எதுவும் இல்லை.

மற்ற ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடுகளில் அடுத்த ஆள் இல்லை. ஒரு தாய் போனால் பிள்ளைகளுக்கு யார் என்ற கேள்வி எங்கள் எல்லோருக்கும் உண்டு. தொடங்குகிறவர்கள் 12 வோல்ற்றுக்குக் கீழே உள்ள பற்றரியிலும் அடப்ரரிலும் மட்டும் வேலை செய்யுங்கள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று தகுதி பெற்ற மின்னிணைப்பாளரின் வேலை. பழைய பெரிய ரி.வி.ப் பெட்டியையும் மைக்றோவேவ் அடுப்பையும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அவற்றுக்குள் கொல்லக் கூடிய மின் தங்கியிருக்கலாம். கைத்தொலைபேசியின் பற்றரி உப்பியிருந்தால் குத்தவோ வளைக்கவோ வேண்டாம், தீப்பற்றும். வீட்டில் ரிப் சுவிச் இருந்தால் அதில் ரி என்ற எழுத்துள்ள சிறிய பொத்தானை மாதம் ஒரு தடவை அமர்த்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் ஆளைக் கூப்பிட்டு மாற்றுங்கள். அந்தச் செலவைத் தள்ளிப் போடாதீர்கள். வீடுகளுக்குப் போடும் ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி செய்யப்பட்டது. உயிர் தப்புவதற்கு அதுதான் வழி.

இன்னுமொன்று எங்கள் மண்ணுக்கே உரியது. பழைய உறுப்புகளைச் சேர்க்கிற ஆசை வந்துவிட்டால் கண் எல்லாவற்றிலும் விழும். பற்றைக்குள்ளோ பழைய பதுங்குகுழிக்குள்ளோ வயருடன், பற்றரியுடன், பச்சைத் தகட்டுடன் ஏதாவது கிடந்தால் அதற்குக் கிட்டப் போகாதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத இடங்கள் உண்டு. கண்டால் இடத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். உறுப்புகளை உங்கள் வீட்டுப் பழுதான வானொலியிலிருந்தும் கடையிலிருந்தும் மட்டும் எடுங்கள்.

சரி, எதை வாங்குவது? முதலில் ஒரு மல்ரிமீற்றர். ஆகக் குறைந்த விலையில் கிடைப்பது போதும். அதில் 'பீப்' என்று சத்தம் போடுகிற ஓர் இடம் இருக்கும். இரண்டு முனைகளுக்கும் இடையே வயர் அறுபடாமல் இருந்தால் கத்தும். அயன் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, பிளக்கின் காலில் ஒரு முனையையும் வயரின் மற்ற நுனியில் மறு முனையையும் வைத்தால் வயர் நல்லதா என்று தெரிந்துவிடும். அயன் பெட்டியின் வயர் அனேகமாகக் கழுத்தடியில்தான் அறும், வளைந்து வளைந்து. சதுரக் கால் பிளக்குக்குள் இருக்கிற பியூசையும் அப்படியே பார்க்கலாம். கடிதம் எழுதிய சகோதரியின் பிரச்சினைகளில் பாதி இந்தச் சத்தத்தோடு தீரும் என்று நினைக்கிறேன்.

அடுத்து ஒரு 9 வோல்ற்று பற்றரி, சில சிவப்பு எல்.ஈ.டி.கள், சில தடையிகள். எல்.ஈ.டி.யை நேரடியாகப் பற்றரியில் வைத்தால் ஒரு கணம் எரிந்து செத்துப் போகும். அளவான ஓட்டம் போகவே நடுவில் தடையி வைக்கிறோம். எவ்வளவு தடையி? இதற்கு ஓம் என்ற ஜெர்மானியர் 1827இல் வெளியிட்ட விதி இருக்கிறது. சிவப்பு எல்.ஈ.டி. தனக்கு ஏறக்குறைய 2 வோல்ற்று எடுத்துக் கொள்ளும். 9இல் 2 போக மிச்சம் 7. எங்களுக்கு வேண்டிய ஓட்டம் 10 மில்லி அம்பியர், அதாவது 0.01 அம்பியர். 7ஐ 0.01ஆல் பிரித்தால் 700 ஓம். கடையில் 700 கிடைக்காது, 680 கிடைக்கும். அது போதும். சட்டைத் துணி வெட்டுகிறபோது போடுகிற கணக்கைவிட இது கஷ்டமில்லை.

தடையியில் இலக்கம் எழுதியிருக்காது. நிற வளையங்கள்தான் இருக்கும். கறுப்பு 0, மண்ணிறம் 1, சிவப்பு 2, செம்மஞ்சள் 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நீலம், சாம்பல், மண்ணிறம் என்று வந்தால் 6, 8, அதன்பின் ஒரு பூச்சியம்: 680. கடைசியில் இருக்கும் பொன்னிற வளையம், அளவு நூற்றுக்கு 5 வீதம் கூடிக் குறையலாம் என்று சொல்கிறது. என்னிடம் தையல் படிக்க வரும் பிள்ளைகள் எம்பிறோய்டரி நூலில் ஒரே நிறத்தின் நாலு சாயலைப் பிரித்தறிவார்கள். அவர்களுக்கு இது விளையாட்டு.

படிப்பில்லாதவர்களால் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் திலோனியா என்ற கிராமத்தைச் சொல்வேன். அங்கே 1972இல் தொடங்கப்பட்ட 'பெயர்பூட் கொலேஜ்', அதாவது வெறுங்கால் கல்லூரி, எழுத வாசிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்குச் சூரிய மின்விளக்குகளைச் செய்யவும் திருத்தவும் கற்றுக் கொடுக்கிறது. ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் பேரப்பிள்ளை கண்ட பெண்கள் வந்து ஆறு மாதம் தங்கிப் படித்துப் போயிருக்கிறார்கள். ஆசிரியைக்கும் மாணவிக்கும் பொது மொழிகூட இல்லை. நிறத்தைக் காட்டியும் சைகையாலும் செய்து காட்டியுமே படிப்பு நடந்தது. திரும்பிப் போய்த் தங்கள் கிராமத்துக்கு விளக்கேற்றினார்கள். கணினிக்கும் அப்படித்தான். 1946இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற ஆரம்பகாலக் கணினிக்குச் செய்நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்களுக்குரிய பெயர் பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் கிடைத்தது.

செய்நிரல் என்றால் என்ன? பனையோலைப் பெட்டி பின்னுகிற அம்மாவிடம் கேளுங்கள். "ஒண்டு மேல, ஒண்டு கீழ, ஓரம் வரை அப்பிடியே. ஓரம் வந்தால் மடி. திரும்பவும் தொடங்கு" என்பார். எதைச் செய்ய வேண்டும், எத்தனை தடவை, எப்போது மாற வேண்டும். செய்நிரலில் இதைத்தான் எழுதுகிறோம். இயந்திரத்துக்குச் சொல்வதால் ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆடுயினோ என்ற சிறிய தகடு இதற்கென்றே 2005இல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்டது. உள்ளங்கை அளவு. கணினியில் எழுதி ஒரு வயரால் அதற்குள் ஏற்றிவிட்டால் பிறகு கணினி தேவையில்லை. சொன்னதைச் செய்துகொண்டே இருக்கும். கட்டளைகள் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஆரம்பத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் தேவைப்படாது.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எங்கள் வீட்டு விறாந்தையில் செய்தது ஒரு குஞ்சு பொரிக்கும் பெட்டி. அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்களில் ஒரு சகோதரி ஊர்க்கோழி வளர்த்துத்தான் இரண்டு பிள்ளைகளின் ரியூசன் காசு கட்டுகிறார். அடைக்கோழி ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைதான் வைக்கலாம். கோழி அடைக்குக் கிடக்கிற காலத்தில் முட்டையும் இல்லை. ஆகவே ஒரு பொரிப்புப் பெட்டியை நுண்கடன் எடுத்து வாங்க இருந்தார். கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடன் எங்கள் பகுதியில் எத்தனை பெண்களின் நித்திரையைக் கெடுத்தது என்பது உங்களுக்குத் தெரியும். "அக்கா, பொறுங்கோ. நாங்களே ஒண்டு செய்து பார்ப்பம்" என்றேன்.

மீன் கொண்டுவரும் பழைய றெஜிபோம் பெட்டி ஒன்று. சூட்டுக்கு மோட்டார் வாகனத்தின் பிரேக் லைற் குமிழ் இரண்டு, ஒவ்வொன்றும் 12 வோல்ற்று, 21 வாற்று. எல்.ஈ.டி. குமிழ் இதற்குச் சரிவராது, அதில் சூடு போதாது. குமிழின் சூட்டில் றெஜிபோம் உருகிவிடும் என்பதால் துளையிட்ட பால்மா ரின்னுக்குள் அவற்றை வைத்தோம். பழைய கணினியிலிருந்து கழற்றிய சிறிய காற்றாடி, ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர், வெப்பம் அளக்கும் உணரி, ஆடுயினோ, ஒரு றிலே. ஆடுயினோவால் பெரிய குமிழை நேரடியாக எரிக்க முடியாது. அது கொடுக்கும் சிறிய ஓட்டம் றிலேக்குள் ஒரு காந்தத்தை இழுக்க, அந்தக் காந்தம் பெரிய சுவிச்சைப் போடுகிறது. எல்லாமே 12 வோல்ற்று அடப்ரரில். சுவர் மின்சாரத்துக்குக் கை வைக்கவில்லை.

முட்டைக்கு வேண்டியது 37.5 பாகை. 21 நாள். செய்நிரலை முதலில் தமிழில் ஒரு கொப்பியில் எழுதினோம். "வெப்பத்தைப் பார். 37.3க்குக் கீழே என்றால் விளக்கை ஏற்று. 37.7க்கு மேலே என்றால் அணை. நடுவில் இருந்தால் இருந்தபடியே விடு. ஒரு செக்கன் பொறு. மறுபடி முதலிலிருந்து." நடுவில் ஏன் அந்த இடைவெளி? சரியாக 37.5இல் போடவும் அணைக்கவும் சொன்னால் றிலே 'டிக் டிக்' என்று ஓயாமல் அடித்துக் கெட்டுப் போகும். சோறு வடிக்கிறவர் ஒவ்வொரு கொதிக்கும் விறகை இழுத்துத் தள்ளுவதில்லை, அதுபோல.

முட்டை வைக்காமல் வெறும் பெட்டியை இரண்டு நாள் ஓடவிட்டுச் சோதித்துக் கொண்டிருந்தோம். எங்களோடு இருந்த வயதான அம்மா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இடம்பெயர்ந்த காலத்திலும் கூடையில் கோழியோடுதான் போனவர். நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"பிள்ளை, உந்தச் சூடு பாக்கிற வயரை எலி கடிச்சா, உதுக்கு என்னெண்டு தெரியும்?"

உணரியின் வயரைக் கழற்றிப் பார்த்தோம். கணினித் திரையில் கழித்தல் 127 என்று வந்தது. அந்த வகை உணரி தொடர்பு அறுந்தால் அப்படித்தான் காட்டும். பெட்டிக்கு அது தெரியுமா? 37.3க்குக் கீழே என்றால் விளக்கை ஏற்று என்றுதானே சொல்லியிருந்தோம். விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே முட்டை இருந்திருந்தால் விடிய அவித்த முட்டைதான். உடனே கொப்பியில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி சேர்த்தோம்: "வெப்பம் 10க்குக் கீழே என்று காட்டினால் விளக்கை அணை, மணியை அடி." எங்கள் ஊரில் வெப்பநிலை ஒருபோதும் அவ்வளவு இறங்குவதில்லை, ஆகவே அப்படிக் காட்டினால் பிழை வயரில்தான். எது பிழைக்கும், பிழைத்தால் என்ன ஆகும் என்று கேட்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய படிப்பு. பட்டம் பெற்றவர்களும் சில வேளை கேட்காமல் விடுவதை அந்த அம்மா கேட்டார். எலி எங்கே புகும் என்று அறுபது வருடமாகப் பார்த்தவர் அல்லவா.

றிலேயும் சில வேளை ஒட்டிக்கொண்டு விடாமல் நிற்கலாம். அதனால் இயந்திரத்தை மட்டும் நம்பவில்லை. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 35இலிருந்து 42 வரை காட்டும். முட்டைக்கு வேண்டிய அளவும் அதற்குள்தானே வருகிறது! காலையும் மாலையும் அதை உள்ளே வைத்துச் சரி பார்த்தோம். முட்டையை நாளுக்கு மூன்று தடவை திருப்பி, 18ஆம் நாளோடு நிறுத்தினோம். ஏழாம் நாள் இரவு கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது சிவப்பு நரம்பு தெரிந்தவற்றை வைத்து, தெரியாதவற்றை எடுத்துவிட்டோம். கடையில் வாங்கும் பண்ணை முட்டை பொரிக்காது. சேவல் சேர்ந்த கோழியின் முட்டையாக இருக்க வேண்டும். முதல் முறை வைத்த 20இல் 13 பொரித்தன. அடைக்கோழியோடு ஒப்பிட்டால் இது பெருமைப்படக் கூடிய கணக்கல்ல. கோழி எங்களைவிடக் கெட்டிக்காரி. ஆனால் அந்தச் சகோதரி கடன் படிவத்தில் கையெழுத்து வைக்கவில்லை. இப்போது அவரே இரண்டாவது பெட்டியைச் செய்து முடித்துவிட்டார். அதில் என் கை படவில்லை.

மின்வெட்டு வந்தால்? 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின் வெட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். 12 வோல்ற்றில் செய்ததன் நன்மை, பற்றரியில் ஓடும் என்பது. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டு குமிழும் எரிந்தால் மூன்றரை அம்பியர். பாதி நேரம் எரிவதாக வைத்தால் சராசரி ஒன்றே முக்கால். 7 அம்பியர் மணித்தியாலப் பற்றரி கணக்குப்படி நாலு மணித்தியாலம். பாதிக்கு மேல் இறக்கினால் பற்றரி கெடும் என்பதால் இரண்டு மணித்தியாலம். அதற்கு மேல் போனால் சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து மூடி, பெட்டியைச் சாக்கால் போர்த்துவதுதான் வழி. அதற்குச் செய்நிரல் தேவையில்லை.

பற்றாசு பிடிக்கிறவர்களுக்கு ஒரு சொல். அந்தக் கம்பியில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கிறது. யன்னலோரமாக இருந்து செய்யுங்கள். சமையல் மேசையில் வேண்டாம். முடிந்ததும் சோப் போட்டுக் கை கழுவுங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

புத்தகத்துக்கு அலைய வேண்டியதில்லை. 10ஆம், 11ஆம் வகுப்பு விஞ்ஞானப் பாடநூலைப் பிள்ளையிடம் வாங்கி மின், இலத்திரனியல் அத்தியாயங்களைப் படியுங்கள். அரசாங்கம் தமிழிலேயே இலவசமாகக் கொடுக்கிற நூல் அது. பிள்ளைக்கும் அம்மா தன்னோடு சேர்ந்து படிக்கிறார் என்ற சந்தோசம் இருக்கும். உயர்தரத்தில் 2013இலிருந்து தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது. உங்கள் மகளுக்கு அதில் விருப்பம் இருந்தால், பெண் பிள்ளைக்கு எதற்கு என்று சொல்லாதீர்கள்.

இதையே தொழிலாகச் செய்ய விரும்புகிறவர்களுக்குச் சான்றிதழ் வேண்டும். தேசிய தொழிற் தகைமை என்ற முறை ஏழு மட்டங்களாக இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் படித்தும் பெறலாம். வேலையை ஏற்கெனவே பழகிச் செய்து வருகிறவர்கள், வகுப்புக்குப் போகாமலே தங்கள் திறமையைக் காட்டி மதிப்பீடு செய்வித்துப் பெறும் வழியும் உண்டு. பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்று கேட்டால் விபரம் சொல்வார். பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல் முழுநேர வகுப்புக்குப் போக முடியாதவர்கள் இதை விசாரித்துப் பாருங்கள்.

செய்நிரலின் தமிழ்ப் படியும், பெட்டியின் இணைப்பு வரைபடமும் கேட்டு எழுதுகிறவர்களுக்கு அனுப்பி வைக்கிறேன். முத்திரை ஒட்டிய, உங்கள் விலாசம் எழுதிய கடித உறை ஒன்றை உள்ளே வைத்துப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த மாதம் தையல் மெசினுக்குப் பூட்டும் மின் மோட்டார் ஏன் சூடாகிறது, அதன் கரித் துண்டுகளை எப்போது மாற்ற வேண்டும் என்று பார்ப்போம்.